கண்ணாடி நழுவினால்தான் குரல் வருமாம்

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பேப்பர் பக்கத்தை நானும் ஓரக்கண்ணால் படித்துவிட்டேன் சார். மன்னிக்க வேண்டும். உக்கடத்தில் பஸ் கிளம்பியதிலிருந்து நீங்கள் பக்கத்தைத் திருப்பவில்லை, எனக்கு வேறு வழியில்லை. முதியோர் நாடகத்தில் நடித்தால் ஞாபகசக்தி வளரும், தனிமை போகும், ரத்த அழுத்தம் குறையும் என்று போட்டிருக்கிறான். நாடு முழுக்கப் பரவிவிட்ட இந்த நம்பிக்கையை யாராவது ஒருவர் பொறுப்போடு திருத்தியாக வேண்டும். பொள்ளாச்சி போய்ச் சேர இன்னும் நேரமிருக்கிறது. ஆகவே நானே திருத்திவிடுகிறேன்.

ஞாபகசக்தி வளரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு ஞாபகம் வளர்ந்தால், அந்த ஞாபகத்துக்குள்ளே இன்னொருவர் இருப்பார் அல்லவா? அவர் கதி என்ன? நடித்தவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். நடிக்கப்பட்டவர்களின் ரத்த அழுத்தத்தை ஒருவரும் அளக்கவில்லை. இதை ஆராய்ச்சி என்று எப்படிச் சொல்வது?

பொதுவாகச் சொல்கிறேன். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

என் பெயர் நல்லசிவம். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். வடவள்ளியைத் தாண்டி, வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கேதான் நானும் என் மனைவி வசந்தாமணியும் இருக்கிறோம். சாப்பாடு பொதுக்கூடத்தில். காப்பி மட்டும் வீட்டில். நல்ல இடம்தான், தகவல் பலகையில் எழுதுகிறவரை மாற்றினால்.

போன வருஷம் அங்கே நாடகம் போடலாம் என்று பேச்சு வந்தது. கவனியுங்கள், பேச்சைக் கொண்டுவந்ததே நான்தான். நாடகமும் என்னிடம் தயாராக இருந்தது. நானே எழுதியது. ஓர் அரசன், அவனுக்கு ஓர் அமைச்சர். அமைச்சர் சொல்வதை அரசன் கேட்பதில்லை, நாடு போய்விடுகிறது. நாடகம் அவ்வளவுதான், ஆனால் அமைச்சர் பேசுகிற இடங்கள் கொஞ்சம் நீளம். அமைச்சராக நான். அரசனாக எதிர்வீட்டு துரைசாமி. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். இயந்திரச் சத்தத்தில் காது போய்விட்டது. அமைச்சர் சொல்வது அரசன் காதில் விழாது என்பதால் அவர்தான் பொருத்தம் என்று முடிவு செய்தேன். வசந்தாமணிக்கும் வேஷம் ஒதுக்கியிருந்தேன். அரசனுக்குப் பின்னால் நின்று சாமரம் வீசும் பணிப்பெண்.

"வசனம் ஏதுங்களா?" என்று கேட்டாள்.

"வசனமே இல்லாத பாத்திரம்தான் நாடகத்திலேயே கஷ்டமான பாத்திரம்" என்றேன்.

"அது எனக்குப் பழக்கம்தானுங்க" என்றாள்.

அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

இந்த நிலையில்தான் குடியிருப்பு நிர்வாகம் பெனிட்டா என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்தது. முப்பது வயது இருக்கும். பெரியவர்களுக்கு நாடகப் பயிற்சி கொடுப்பதுதான் தொழிலாம். வந்த அன்றைக்கே என் நாடகத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தாள் சார். படிக்கவில்லை, எடை பார்த்தாள்.

"சார், யாரும் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். அது உங்களுக்குள்ளயே இருக்கு" என்றாள்.

"எது இருக்கு?"

"நாடகம் சார்."

நாடகம் என் கையில் இருந்தது. அவள் அதை மேஜைமேல் வைத்து, அதன்மேல் தன் தண்ணீர் பாட்டிலை வைத்தாள்.

சிரிக்காதீர்கள். சுந்தராபுரம் வந்துவிட்டது, ஜன்னலை ஏற்றிவிடுங்கள், தூசி.

அவள் எங்களை வட்டமாக உட்காரவைத்தாள். ஒவ்வொருவரும் தாங்கள் நன்றாகப் பார்த்துப் பழகிய ஓர் ஆளைக் கொஞ்ச நேரம் நடித்துக் காட்ட வேண்டும். ஆள் பெயரைச் சொல்லக்கூடாது. இதுதான் பயிற்சி. துரைசாமி அவர் மில் வாசலில் இருந்த வாட்ச்மேனை நடித்தார். தொப்பியைக் கழற்றுவார், தலையைச் சொறிவார், மறுபடி போடுவார், அதற்குள் மூன்று பேர் உள்ளே போய்விடுவார்கள். நன்றாகத்தான் இருந்தது. இதில் கலை எங்கே என்று நான் கேட்டேன், எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. நான் அமைச்சரையே செய்தேன்.

"இவரை நீங்க பாத்துப் பழகியிருக்கீங்களா சார்?" என்றாள் பெனிட்டா.

"கல்வெட்டில் பார்த்திருக்கிறேன்."

"வேற யாராவது? தினமும் பாக்குறவங்க? அம்மாவையே செய்ங்களேன்."

அம்மா என்றால் வசந்தாமணி. அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். நின்றேன் சார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் நிற்கும்போது கையைக் கட்டிக்கொள்வாளா, தொங்கவிடுவாளா? பேசுவதற்கு முன் என்ன செய்வாள்? சரி, எதையாவது பேசலாம் என்றால், அவள் வழக்கமாக என்ன பேசுவாள்? நான் ஒரு தடவை "காப்பி வெக்கட்டுங்களா" என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி யாரும் சொல்லலாம். துரைசாமி பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "என்ன புரபசரு ஹோட்டல்ல வேலைக்கு நிக்கறவர நடிக்கறாரா?" என்று கத்தினார். காது கேட்காதவர் ரகசியம் அப்படித்தான் இருக்கும்.

குறை என்னுடையதில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் குறிப்பாக ஒன்றும் செய்வதில்லை. அமைதியானவள். அமைதியை எப்படி நடித்துக் காட்டுவது?

அடுத்து அவள் எழுந்தாள். நேரே என்னிடம் வந்தாள். "சித்தெ குடுங்க" என்று என் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். இதே கண்ணாடிதான். இடது பக்கம் திருகு போய்விட்டது, நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன் பாருங்கள். அதை மாட்டிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு நாலடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கலங்கல். ஆகவே நான் பார்க்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

"வசந்தாமணி" என்றது ஒரு குரல். ஆண் குரல் மாதிரி இருந்தது. "இது காப்பிதான். ஒத்துக்கறேன். இதுல பாலும் இருக்கு, டிகாஷனும் இருக்கு, சர்க்கரையும் இருக்கு. மூணும் ஒரே டம்ளர்ல இருக்கு. ஆனா ஒண்ணுக்கொண்ணு இன்னும் அறிமுகமாகலை."

கூடமே அதிர்ந்தது சார். பெனிட்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அவளுடைய பெரியப்பா ஒருவர் உண்டு, பெருந்துறைப் பக்கம். எதற்கெடுத்தாலும் குற்றம் சொல்கிற மனிதர். அவர்தான் என்று நினைத்தேன். முடிந்ததும் துரைசாமி என் முதுகில் தட்டினார்.

"புரபசரே, அப்படியே உரிச்சு வெச்சுப்போட்டாங்க!"

"அவளோட பெரியப்பாவை உங்களுக்குத் தெரியுமா?"

அவர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். வசந்தாமணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இப்படி ஆரம்பித்ததுதான். என் அரசனும் அமைச்சரும் தண்ணீர் பாட்டிலுக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். இதுவே நாடகமாகிவிட்டது. 'ஐயா வீட்டில் இருக்கிறார்' என்று தலைப்பு. ஐயா வசந்தாமணி. ஐயாவின் மனைவி துரைசாமி. ஒரு பச்சைத் துண்டைத் தோளில் முந்தானையாகப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான் வேஷம். வாரக் கடைசியில் எல்லாம் ஒத்திகை. அவள் என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விடுவாள், நான் வீட்டில் இருப்பேன். தலைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, வெறும் தற்செயல்.

நான் அந்த நாடகத்தை எதிர்ப்பது பாத்திரப் படைப்புக்காக மட்டும்தான். அந்த ஐயா நம்பும்படியாக இல்லை சார். பந்தியில் உட்கார்ந்துகொண்டு பரிமாறுகிறவரிடம் ரசம் எந்த நூற்றாண்டில் வந்தது என்று விளக்குகிறார். மகள் தொலைபேசியில் அழுகிறாள். இவர் அவள் அழுகைக்கு நடுவே, 'நேற்று என்று சொன்னாய், அது முந்தாநாள்' என்று திருத்துகிறார். யாராவது அப்படிச் செய்வார்களா? தேதி தப்பாக இருந்தால் பிறகுதானே சொல்வார்கள்? பேசி முடிக்கும்போதெல்லாம் அந்த ஐயா மோதிர விரலால் கண்ணாடியை மேலே தள்ளுகிறாராம். இதுவும் மிகை. ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? இப்போது நான் தள்ளியது வேறு. இது நூல் கட்டின கண்ணாடி. நழுவுகிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தப் பாட்டு இடம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

ஐயா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மனைவி, அதாவது துரைசாமி, அரிசி களைந்துகொண்டே பாடுகிறார். அவர் குரலுக்கு அது பாட்டென்று சொல்ல முடியாது, ஜனங்கள் சிரிப்பார்கள். கும்மிப் பாட்டு. 'வாய்க்கால் தண்ணி வளைஞ்சு வருது, மஞ்சக் காட்டுக்குப் பாயுதடி' என்று போகும். ரெண்டாவது தரம் பாடும்போது ஐயா கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு சொல்கிறார்: "நல்லாத்தான் இருக்கு. சுருதிதான் கொஞ்சம் இறங்குது."

துரைசாமி நிறுத்திவிடுவார். அரிசி களைவார். பாட்டு நாடகம் முடிகிற வரைக்கும் மறுபடி வராது. அந்த இடத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை. எங்கள் குடியிருப்பில் முதல் காட்சி நடந்தபோது அந்த அமைதியில் பின்வரிசையில் யாரோ மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

இதை நான் எப்படி ஒப்புக்கொள்வது? ஒருத்தி பாட்டை விடுவதற்கு இது ஒரு காரணமா? நல்லாத்தான் இருக்கு என்று முதலில் சொல்கிறாரே, அது யார் காதிலும் விழவில்லையா? அதோடு அன்றைக்குச் சுருதி இறங்கித்தான் இருந்தது. கதவைத் திறந்துவைத்துவிட்டு, அடுப்படி ஈரத்தில் நின்றுகொண்டு பாடினால் இறங்காமல் என்ன செய்யும்? அதற்கடுத்த அடிதான் அந்தப் பாட்டிலேயே நல்ல அடி. 'மடையைத் திருப்பி விட்டவ யாரடி, மறுகா ஒருக்கா பாடச் சொல்லடி.' அது நாடகத்தில் வரவே இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இது ஈச்சனாரி. கோயிலுக்கு இறங்குகிறவர்கள் இறங்கட்டும். நீங்கள் கடைசி வரை வருகிறீர்கள் அல்லவா? நல்லது.

பெனிட்டாவிடம் போனேன். "அந்தப் பாட்டு இடத்தை எடுத்துவிட்டால் நாடகம் கச்சிதமாக இருக்கும்" என்றேன். "அது அம்மாவோட இடம் சார், அம்மாகிட்டதான் கேக்கணும்" என்றாள். சரி என்று ராத்திரிச் சாப்பாடு முடிந்து வரும் வழியில் வசந்தாமணியிடமே கேட்டேன். மிகவும் பொதுவாகத்தான் கேட்டேன்.

"அந்த ஐயா பாத்திரம் கொஞ்சம் கொடுமையாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்."

அவள் நடந்துகொண்டே இருந்தாள். "ஏனுங்க, அது யாருன்னு நெனச்சீங்க?"

சார், நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"யாரோ. எனக்கென்ன தெரியும்" என்றேன்.

"அப்பறம் என்னுங்க. யாரோதானே? இருந்துட்டுப் போறாரு."

எதிர்த்தால் அது நான் என்றாகிவிடும். எதிர்க்காவிட்டால் நாடகம் நடக்கும். இந்த வலையைப் பின்னியது சாமரம் வீசுகிற பணிப்பெண். நான் அமைச்சர். எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை.

கஷ்டம் அதோடு முடியவில்லை. குடியிருப்பில் இப்போது நான் வாயைத் திறந்தால் போதும், நான்கு பேர் மோதிர விரலைத் தூக்குகிறார்கள். தகவல் பலகையில் செவ்வாய்க்கிழமைக்குப் புதன்கிழமைத் தேதியைப் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு பேசாமல் போனேன். கண் டாக்டர் வரும் நாள் அது. முக்கால்வாசிப் பேர் மறுநாள் வந்து ஏமாந்து நின்றார்கள். நான் சொல்லலாமா? வீட்டில் காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருந்தாலும் அப்படியே குடித்துவிடுகிறேன். போன மாதம் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார்கள். ரத்த அழுத்தமும்தான். இதை உங்கள் பேப்பருக்கு யார் எழுதிப்போடுவது?

அவளுக்கு? அவளுக்கு எல்லாம் குறைந்திருக்கிறது. முழங்கால் வலி என்றுகூட இப்போது சொல்வதில்லை. ஒத்திகை முடிந்து வரும்போது அந்தக் கூட்டத்தின் பேச்சுச் சத்தம் லிப்ட் வரைக்கும் கேட்கும். அதில் அவள் குரல் எது என்று எனக்குக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. கலகலவென்று நடுவில் கேட்கிறதே, அதுதான்.

இன்றைக்குப் பொள்ளாச்சியில் மூத்தோர் சங்கம் ஒன்று கூப்பிட்டிருக்கிறது. வெளியூர்க் காட்சி இதுதான் முதல். காலையிலேயே வேன் கிளம்பிவிட்டது. நான் வரவில்லை, இடுப்பு சரியில்லை என்றேன். உண்மையைச் சொல்கிறேன், உங்களை இனி பார்க்கப்போவதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து கண்ணாடியைக் கழற்றவே இல்லை. குளிக்கக்கூட அதோடுதான் போனேன். கழற்றி வைத்தால்தானே எடுத்துப் போவாள்? கடையில் வாங்கிய வேறொரு கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, "டேபிள் மேல மாத்திரை இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பதினொரு மணி வாக்கில் போன் அடித்தது.

"ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு. ஒத்திகை எப்படி?"

"வரமாட்டேங்குதுங்க."

"எது?"

"குரலுங்க. இந்தக் கடைக் கண்ணாடி இறுக்கமா நிக்குது, நழுவவே மாட்டேங்குது. நழுவுனாத்தான் தள்ள முடியும். தள்ளுனாத்தான் அந்தக் குரல் வருது. காலைல இருந்து நானும் பாக்கறேன், என் குரல்லயே பேசிட்டிருக்கறேன்."

நான் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டேன்.

"உங்களுக்குத் தோதில்லைன்னா உட்டுருங்க. பெனிட்டாகிட்ட முடியலைன்னு சொல்லிப்போடறேன். அவங்க வேற ஏதாச்சும் பாட்டு கீட்டு வெச்சுக்குவாங்க."

ஒரு வார்த்தை சார். தோதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நாடகம் இன்றைக்கு நின்றிருக்கும். அப்புறம் ஒருவரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். என் அமைச்சர்கூடப் பாட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருப்பார். இந்த ஒரு வருஷத்தில் என் கையில் அதிகாரம் வந்தது அந்தக் கணத்தில் மட்டும்தான்.

"எத்தனை மணிக்குக் காட்சி?" என்று கேட்டேன்.

நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளக்கூடாது. நான் வரலாற்றுக்காரன். மேடையில் ஒரு பாத்திரம் தனக்குச் சொந்தமில்லாத கண்ணாடியோடு நிற்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியாது. பொருள் அசலாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகத்தான் இருந்தேன். கிணத்துக்கடவு வந்தபோதுதான் யோசித்தேன், கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டை எப்படிப் படிப்பது? ஆகவே காட்சி முடியும் வரை உட்கார வேண்டியிருக்கிறது. இது பார்வைக் கோளாறு, விருப்பமில்லை. கலங்கலாகத்தான் தெரியும். இதுவரையும் அப்படித்தான், நான் அந்த நாடகத்தைப் பார்த்ததே இல்லை.

இன்னொரு கண்ணாடி வாங்கலாமே என்கிறீர்கள். வாங்கலாம். வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருக்குமே சார்.

பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிவிட்டான். கொஞ்சம் பொறுங்கள், எல்லாரும் இறங்கட்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், இனி எனக்கு ஒன்றும் தெரியாது. கீழே பச்சைத் துண்டோடு ஒருவர் நிற்கிறாரா பாருங்கள், அனுப்பிவைப்பதாக வசந்தாமணி சொல்லியிருந்தாள். வெள்ளைச் சட்டை, நல்ல உயரம். அவர்தான் துரைசாமி, என் மனைவியாக நடிக்கிறவர். சத்தமாகக் கூப்பிடுங்கள், காது கேட்காது. வந்து கையைப் பிடித்து இறக்கிவிடச் சொல்லுங்கள்.